சாட்சிக்கு நின்ற தகடு

ஜெயசீலனைக் கண்டால் தாரணிக்கு ஆகாது. சாதாரண ஆகாமை இல்லை அது. பதினோரு வருடம் ஒரே ஆய்வகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவர்கள். ஒரே கட்டுரையில் இருவர் பெயரையும் போட்டவர்கள். யார் பெயர் முதலில் வருவது என்று தொடங்கிய சண்டை, கடைசியில் ஆளுக்கொரு தண்ணீர்க் கேன் தனித்தனியாக வாங்கி வைக்கும் அளவுக்கு முற்றிப் போனது. அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை ஒன்பது மணிக்கு அவளுடைய பரிசோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றார். காலில் செருப்போடு.

"கழட்டிட்டு வாங்க. உள்ளே தூசி ஆகாது."

"உங்க கூடத்துல தூசியே கிடையாதாக்கும்."

"நீங்க வர்ற வரைக்கும் இல்ல."

ஜெயசீலன் செருப்பைக் கழற்றினார். வேறு வழியில்லை அவருக்கு. ஓர் அறிக்கையை மறுத்து இரும்பை மறுபடி படிக்கும்போது, முதலில் படித்த எதிர்த்தரப்பு நிபுணர் கூடவே நின்று பார்க்காவிட்டால் அது செல்லாது என்பது சட்டம்.

இரும்பைப் படிப்பது என்றுதான் கோர்ட்டுகளில் பேச்சு. காந்தப் புலம் பட்ட எந்த இரும்பும் அதை உடனே விட்டுவிடாது. புலம் போன பிறகும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் காந்தத் தயக்கம் என்று ஒரு பாடமாக வைத்து, பரீட்சைக்கு ஒரு படம் போடச் சொல்லி, அதோடு மறக்கடித்துவிடுவார்கள். தாரணியும் ஜெயசீலனும் மறக்கவில்லை. ஒரு திசையில் மட்டும் இல்லாமல் எல்லாத் திசையிலும் அந்தத் தயக்கத்தை அளந்து, அதற்கு ஒரு கணக்கு மாதிரியைக் கட்டி, இரும்பு கடைசியாக எந்தெந்தப் புலத்தில் எந்த வரிசையில் இருந்தது என்று பின்னோக்கிச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். அதற்கப்புறம் விபத்து நடந்த இடத்தில் மனிதர்கள் பேசுவதை யாரும் நம்புவதில்லை. இரும்பைத்தான் கேட்கிறார்கள். இரும்புச் சாட்சி விதிகள் வந்து ஆறு வருடம் ஆகிறது. விதிகளை எழுதிய குழுவிலும் இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், ஒருவரோடொருவர் பேசாமல்.

கூடத்து மூலையில் ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பெயர் கோகிலா. கோவைக்கு வெளியே ஒரு தகட்டுக் கிடங்கில் காந்தக் கிரேன் ஓட்டுபவள். கீழே நின்று ரிமோட்டால் இயக்குகிற கிரேன். ஒரு பீமில் இரண்டு காந்தம், இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டும் சேர்ந்து மூன்று டன் தகட்டைத் தூக்கிக்கொண்டு போகையில் தகடு விழுந்தது. அடியில் துரைராஜ் என்ற தொழிலாளி மாட்டி இறந்துபோனார். முந்தின நாள்தான் லீவு விஷயமாகத் துரைராஜுக்கும் கோகிலாவுக்கும் ஊரே கேட்கும்படி வாய்ச்சண்டை. அதனால் கம்பெனி, விபத்து என்று சொல்லவில்லை. ரிலீஸ் பட்டனை அவள் வேண்டுமென்றே அமுக்கினாள், இது கொலை என்றது. ரிலீஸ் பட்டன் இரண்டு காந்தத்துக்கும் பொது. அமுக்கினால் ஒரு நொடி எதிர்த்திசையில் கரண்டைப் பாய்ச்சி, ஒட்டிக்கொண்டிருக்கும் தகட்டை உதறிவிடும். விழுந்த தகட்டில் வலது காந்தம் ஒட்டியிருந்த இடத்திலிருந்து வெட்டிய துண்டைக் கம்பெனி தரப்பில் சோதித்த ஜெயசீலன், "எதிர்த்திசைப் புலம் பதிவாகியுள்ளது" என்று அறிக்கை கொடுத்துவிட்டார். அந்த அறிக்கை நின்றால் கோகிலாவுக்கு ஆயுள் தண்டனை.

அதே இடத்திலிருந்து வெட்டிய இன்னொரு துண்டு இப்போது தாரணியின் மேசையில் இருந்தது. தொழிற்சங்கம் அவளிடம் ஒப்படைத்தது. ஒரே துண்டு, ஒரே வாய்ப்பு. படிக்கப் படிக்க இரும்பு அழிந்துகொண்டே வரும்.

"படிச்சுத்தான் ஆகோணுங்களா?" என்றாள் கோகிலா.

தாரணிக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு இவளைக் காப்பாற்ற வந்தால், பல் பிடுங்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாளே. "வேண்டாம்னா சொல்லு. இவர் அறிக்கையே இருக்கட்டும். நேரா ஜெயிலுக்குப் போகலாம்."

"நான் பட்டனை அமுக்கலீங்க."

"அதை இரும்பு சொல்லட்டும். நீ சொல்லி என்ன ஆகப்போகுது?"

கருவி ஓடத் தொடங்கியது. வட்டமான மேடை, சுற்றிலும் கம்பிச் சுருள்கள். துண்டை நடுவில் வைத்தால் சின்னச் சின்னப் புலங்களை ஒவ்வொரு திசையாகக் கொடுத்துப் பார்க்கும். மூன்று மணி நேர வேலை. சும்மா உட்கார்ந்திருப்பது தாரணிக்கு வராது. அதுவும் ஜெயசீலன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது.

"இவர் என்ன தப்பு பண்ணினார் தெரியுமா?" என்று கோகிலாவிடம் ஆரம்பித்தாள், ஜெயசீலனுக்குக் கேட்கும்படி. "ஒரே திசையில அளந்தார். கோயில் பிரகாரத்தை ஒருத்தர் சுத்தி வர்றார்னு வெச்சுக்க. நீ ஒரு ஓட்டை வழியா பாக்கறே, அவர் இடது பக்கம் இருக்காரா வலது பக்கம் இருக்காராங்கறது மட்டும்தான் உனக்குத் தெரியும். முதல்ல வலது பக்கம் இருந்தார், அப்புறம் இடது பக்கம் வந்துட்டார். பாதி வழியில திரும்பிட்டார்னு நீ சத்தியம் பண்ணுவே. அவர் திரும்பவே இல்ல. சுத்திட்டுத்தான் போறார்."

"அவசரக் கேஸு. ஒரு நாள்ல அறிக்கை கேட்டாங்க," என்றார் ஜெயசீலன்.

"ஒரு நாள்ல ஒருத்தியைக் கொலைகாரி ஆக்கியாச்சு."

"நான் சொன்னது அளவு. கொலைன்னு சொன்னது கம்பெனி."

"அந்த வித்தியாசத்தை இவகிட்ட விளக்குங்க, கேட்போம்."

ஜெயசீலன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தாரணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன், அன்று காலையிலிருந்தே அவள் கோகிலாவுக்காக உழைத்ததில் பாதி, ஜெயசீலன் மூக்குடைபட வேண்டும் என்பதற்காக உழைத்ததுதான்.

"ரொம்பச் சுத்தமா படியுது," என்றாள் திரையைப் பார்த்து. "பொதுவா இப்படிக் கிடைக்காது. பின்னால ஒரு பெரிய புலம் பட்டுதுன்னா முன்னால இருந்த சின்னதையெல்லாம் துடைச்சிட்டுப் போயிடும். அதனாலதான் அஞ்சாவது விதி."

"அது தெரியுமுங்க," என்றாள் கோகிலா. குரலில் ஒரு வெறுப்பு இருந்தது. தாரணி அதைக் கவனித்தாள்; நன்றி கெட்ட ஜென்மம் என்று நினைத்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு முடிவு வந்தது. தகடு தூக்கப்பட்டது, நகர்ந்தது, எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு புலம் திசை மாறியிருந்தது. எதிராகப் பாயவில்லை, பலம் ஒரு துளிகூடக் குறையாமல் மெல்ல மெல்லச் சுற்றியிருந்தது. இடது காந்தம் செத்துப்போய், தகடு அந்தப் பக்கம் சரிந்து, வலது காந்தத்தில் மட்டும் தொங்கிச் சுழன்று, கடைசியில் பிய்த்துக்கொண்டு விழுந்திருக்கிறது. ரிலீஸ் பட்டனை யாரும் தொடவில்லை. இடது பக்கத்து கேபிள் பழுது. கம்பெனி மாற்றாமல் விட்டதாகத் தொழிற்சங்கம் சொன்ன கேபிள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" தாரணி எழுந்தே விட்டாள். "சுத்தியிருக்கு. திரும்பல. உங்க எதிர்த்திசையைக் கொண்டு போய் எங்கே வைக்கப் போறீங்க?"

ஜெயசீலன் நாற்காலியை விட்டு எழுந்தார். திரைக்கு அருகில் வந்து, கடைசி வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"வலது காந்தம் கடைசி வரைக்கும் முழு பலத்தோட இருந்திருக்கு. நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு."

"விழுந்ததுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமே இல்ல. வெட்டிக் கொண்டுவந்த வரைக்கும் வெத்து. கையெழுத்தைப் போடுங்க."

அவர் கோகிலாவைத் திரும்பிப் பார்த்தார். கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜெயசீலன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தோற்றுப்போன மனிதன் வேறு என்ன செய்வான் என்று தாரணி நினைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் கேன்டீனில் வழக்கத்துக்கு மாறாக இரண்டு போண்டா சாப்பிட்டாள்.

மறுநாள் விசாரணை. அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு கூட்ட அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஆணையர். தாரணி முக்கால் மணி நேரம் சாட்சி சொன்னாள். பிரகாரத்தை இங்கேயும் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆணையருக்கு அது பிடித்துப்போய் இரண்டாம் தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஆக, ரிலீஸ் பட்டன் அமுக்கப்படவே இல்லைங்கறீங்க."

"இல்லைங்க ஐயா."

"எதிர்த்தரப்பு?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். ஜெயசீலன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொன்னார். வக்கீல் முகம் சுண்டிப்போய், "கேள்வி எதுவும் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். தாரணிக்கு ஏமாற்றம். நாலு கேள்வியாவது கேட்பார்கள், நாலுக்கும் நறுக்கென்று கொடுக்கலாம் என்று இரவெல்லாம் மனதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செத்துப்போன துரைராஜின் மனைவி பரிமளா.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

ஆணையர் தலையசைத்தார். பரிமளா தாரணியை நேராகப் பார்த்தாள். கோகிலா விடுதலை ஆகப்போகிறாள் என்ற கோபம் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. பழி போட ஒரு ஆள் இருந்தாள், அவளையும் இந்தப் படித்தவள் வந்து பிடுங்கிக்கொண்டாள் என்ற கோபம்.

"எனக்கு இந்தத் திசையெல்லாம் வெளங்கலீங்க. அந்த வலது பக்கத்துக் காந்தம், தகடு விழுகற வரைக்கும் முழுப் பலத்தோட இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாம்."

"அப்பக் கிரேன்ல கரண்டு இருந்துச்சுங்களா?"

"இருந்தது. இடது பக்கத்து கேபிள் மட்டும்தான்…" என்று தொடங்கிய தாரணி பாதியில் நின்றாள்.

"என்ற ஊட்டுக்காரரு அந்தத் தகட்டுக்கு அடியில நாப்பது நிமிசம் உசுரோட கெடந்தாருங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, பத்து நிமிசத்துல எடுத்திருந்தாப் பொழைச்சிருப்பாருன்னு. கிரேன்ல கரண்டே இல்ல, ஜாக்கி வந்துதான் தூக்கோணும்னு மேனேஜரு சொன்னாரு. இவளும் அதையேதான் சொன்னா. நானும் நம்புனேன்." பரிமளாவின் குரல் உயரவில்லை. "ஒரு பக்கத்துக் காந்தத்தை எறக்கி அந்த ஓரத்தைத் தூக்கியிருக்க முடியாதுங்களா?"

அறையில் எல்லோரும் தாரணியைப் பார்த்தார்கள். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறாள். "முடியும்," என்றாள்.

"தூக்கியிருந்தா அந்த இரும்பு சொல்லுமுங்களா?"

"தூக்கியிருந்தா அந்தப் புலம்தான் கடைசியா இருக்கும். அதுக்கு முன்னால நடந்தது எதுவும் மிச்சம் இருக்காது."

"இதுல எல்லாம் இருக்குதுன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"இருக்கு," என்றாள் தாரணி. இத்தனை சுத்தமாக ஒரு இரும்பு எப்படிக் கிடைத்தது என்று அவள் நேற்று முழுக்க ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

ஆணையர் கோகிலாவைப் பார்த்தார். "ஏம்மா தூக்கல?"

கோகிலா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். "விபத்துக்குப் பின், ஆய்வாளர் வந்து சேரும்வரை, எக்காரணம் கொண்டும் அந்த இரும்பின்மீது காந்தத்தைச் செலுத்தலாகாது. செலுத்தியவர் சாட்சியத்தை அழித்தவராகவும் விபத்துக்குப் பொறுப்பாளராகவும் கருதப்படுவார். அஞ்சாவது விதிங்க. இதைப் பாக்காம எழுதிக் காட்டினாத்தான் எங்களுக்கு லைசென்ஸ். கிரேன் தூண்ல செவப்புப் பெயின்ட்ல பெருசா எழுதியிருக்குது. ரிமோட்டு கையில இருந்துச்சுங்க. அவரு தூக்கு தூக்குன்னுட்டுதான் இருந்தாரு. முந்தின நாளு சண்டை போட்டவ நானு. தூக்குனா, இவதான் தள்ளிவிட்டா, இப்ப அழிக்கறான்னு சொல்லுவாங்க. மேனேஜரு பக்கத்துலயே நின்னாரு. தூக்குன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

பரிமளா அவள் மேல் பாய்வாள் என்று தாரணி நினைத்தாள். பரிமளா பாயவில்லை. "உன்னைக் கொலைகாரின்னு நெனைச்சுட்டு இருந்தேன். அதுவே தேவலை," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆணையர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொலைக் குற்றம் நிற்காது. கேபிளுக்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். தூக்காமல் நின்றது சட்டப்படி சரி. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கே கூசியது போலிருந்தது. குறிப்பெழுதிக்கொண்டிருந்தவரைப் பார்க்காமல், பரிமளா போன கதவைப் பார்த்துச் சொன்னார்.

நடைபாதையில் ஜெயசீலன் நின்றிருந்தார். தாரணி அவரிடம் விடுவிடுவென்று போனாள். வேறு யாரிடம் இந்தக் கோபத்தைக் கொண்டுபோவது?

"உங்களுக்கு நேத்தே தெரிஞ்சிருக்கு."

"கடைசி வரியைப் படிச்சதும் தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"நான் சொல்லி எதை நீங்க கேட்டிருக்கீங்க? இந்த விதியோட முதல் வரைவு ஞாபகம் இருக்கா? 'உயிரைக் காக்கும் பொருட்டன்றி'ன்னு ஒரு விலக்கு போட்டிருந்தேன். அதைச் சிவப்பு மையில அடிச்சது யாரு?"

தாரணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குற்றவாளி வக்கீல்கள் அத்தனை பேரும் அந்த ஓட்டை வழியாகத் தப்பித்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னாள். காரணம் உண்மைதான். ஆனால் வேறு யாராவது எழுதியிருந்தால் அடித்திருப்பாளா? அந்த வரி ஜெயசீலன் எழுதியது. பேனா தானாகப் போனது.

"நீங்க வாதாடியிருக்கணும்," என்றாள்.

"ஆமா. நான் ஃபைலைத் தூக்கி எறிஞ்சிட்டு எழுந்து போயிட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் வரல. நல்லா அனுபவிக்கட்டும்னு விட்டுட்டேன்." அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "உங்களைத்தான் நினைச்சேன். துரைராஜ்னு ஒருத்தன் இருக்கான்னு எனக்கென்ன தெரியும்?"

அவர் போய்விட்டார். மாடிப்படியருகில் கோகிலா தனியாக நின்றிருந்தாள். தொழிற்சங்கத்து ஆட்கள்கூட அவளை விட்டுத் தள்ளி நின்றார்கள். விடுதலை ஆனவளுக்குக் கை கொடுக்க ஒருவரும் இல்லை.

தாரணி அவளிடம் போனாள். "விதியை மாத்தச் சொல்லி நாளைக்கே எழுதறேன். உயிர் போற நேரத்துல தூக்கலாம்னு."

"எழுதுங்க. எழுதி?" கோகிலா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "தூக்குனா இரும்பு கலைஞ்சுருமுங்களா, கலையாதுங்களா?"

"கலைஞ்சுடும்."

"அப்பத் தூக்குனவன் பட்டனை அமுக்கலைன்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க? போன வருசம் திருச்சிப் பக்கம் குப்புராஜ்னு ஒருத்தரு தூக்குனாருங்க. அடியில கெடந்தவன் காலை இழுத்து இழுத்து இன்னைக்கும் நடமாடீட்டு இருக்கறான். குப்புராஜு ஆறு வருசத்துக்கு உள்ள போயிட்டாரு. அந்தக் கேஸுல சாட்சி சொன்னது யாருங்க?"

தாரணிதான் சொன்னாள். 'இந்த இரும்பு கலைக்கப்பட்டுள்ளது, எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.' அவ்வளவே. உள்ளதை உள்ளபடி சொன்னோம் என்று நிம்மதியாக ரயிலேறி வந்தாள். குப்புராஜின் முகம்கூட நினைவில்லை.

"அந்த நாப்பது நிமிசமும் எனக்கு உங்க பேருதான் மனசுல ஓடுச்சுங்க. பேப்பர்ல போட்டிருந்தாங்க, தாரணி அம்மா சொன்னாத் தீர்ப்பு மாறாதுன்னு." கோகிலா மூச்சு வாங்கினாள். "எனக்கு இதைத் தவிர வேற வேலை தெரியாது. திங்கக்கிழமை மறுபடியும் கிரேனுக்குப் போறேன். அன்னைக்கே ஒண்ணு விழுந்து ஒருத்தன் அடியில மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணட்டும்? இப்பச் சொல்லுங்க."

"தூக்கு," என்றாள் தாரணி உடனே. "என்ன ஆனாலும் தூக்கு."

"எழுதிக் குடுங்க."

"என்ன?"

"இரும்பு கலைஞ்சிருந்தாலும் தூக்குன கோகிலா மேல தப்பில்ல, அவ உசுரைக் காப்பாத்தத்தான் தூக்குனான்னு. உங்க கையெழுத்துப் போட்டு. நான் அதைப் பையிலயே வெச்சுக்கறேன்."

தாரணி கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். அறிக்கையின் கடைசிப் பக்கம், பின்புறம் வெற்றாக இருந்தது. சன்னல் திண்டில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். 'கோகிலா' என்று எழுதினாள். நடக்காத ஒன்றைப் பற்றி, படிக்க முடியாத இரும்பைப் பற்றி, அவள் பெயரில் ஒரு தாள். எந்த வக்கீல் கையிலாவது இது கிடைத்தால் இதுவரை சொன்ன சாட்சி அத்தனையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நூற்றிருபது வழக்குகள். ஜெயசீலனே போதும், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். எழுத வேண்டும், கட்டாயம் எழுதத்தான் போகிறாள். ஆனால் எப்படி எழுதுவது என்று முதலில் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லதில்லையா?

"ஒரு ரெண்டு நாள் பொறு கோகிலா," என்றாள். "வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

கோகிலாவின் முகத்தில் கோபம் வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்து முதல்முறையாக, தன்னைப் போன்ற ஒருத்தியைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தாள்.

"இப்படித்தானுங்க நானும் நின்னேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.